முழுமரப் பிளேடு: எதை வாங்குவது?

கடலூர், புதுச்சேரி வட்டாரத்திலிருந்து டேபிள் டென்னிஸ் பகுதிக்கு இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே பொருளைப் பற்றியவை. கார்பன் முதலிய இழைகள் கலவாமல் முழுக்க மரத்தாலான தாக்குதல் பிளேடை (பேட்டில் ரப்பர் ஒட்டப்படும் பலகையை) எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதே அந்தக் கேள்வி. ஆகவே இந்த இதழின் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: நான் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ரப்பர் ஒட்டியே விற்கப்படும் பேட்டில் மூன்று ஆண்டுகளாக ஆடிவருகிறேன். ஃபோர்ஹேண்டில் டாப் ஸ்பின், பேக்ஹேண்டில் பெரும்பாலும் பிளாக், இதுவே என் ஆட்டம். இனிப் பிளேடையும் ரப்பரையும் தனித்தனியே வாங்கும்படி பயிற்சியாளர் சொல்கிறார். கடைக்காரரோ ஐந்தடுக்கு மரப் பிளேடு, ஏழடுக்கு மரப் பிளேடு, கார்பன் பிளேடு என மூன்றை எடுத்து வைத்து, கார்பன்தான் வேகம் என்கிறார். எதை வாங்கலாம்?
– வாசகர், மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: ஐந்தடுக்கை வாங்குங்கள். பெட்டியின் மேல் ‘ஆஃப்’ (தாக்குதல் வகை) என்றோ, அதைவிடச் சற்று மெதுவான ‘ஆஃப் மைனஸ்’ என்றோ இருந்தால் போதும்.

ஒட்டி விற்கும் பேட்டுகளின் ரப்பர் பெரும்பாலும் மந்தமானது. அதிலிருந்து நல்ல ரப்பருக்கு மாறும்போதே உங்கள் பந்தின் வேகமும் சுழற்சியும் ஒரு படி ஏறிவிடும். அதே நாளில் பிளேடும் இரண்டு படி ஏறினால், மூன்று ஆண்டுகளாகப் பழகிய கை வீச்சை நீங்களே சுருக்கிக்கொள்ள நேரிடும். பந்து மேசையைத் தாண்டிப் போய்விடுமோ என்ற அச்சத்தில் பாதி வீச்சோடு நிறுத்திவிடுகிற ஆட்டக்காரர்களை எல்லாப் பயிற்சிக் கூடங்களிலும் காணலாம். அவர்களுள் பலர் கையில் இருப்பது அவர்கள் ஆட்டத்துக்கு மிஞ்சிய பிளேடு.

இனி அடுக்குக் கணக்குக்கு வருவோம். ஐந்தடுக்குப் பிளேடின் தடிமன் பொதுவாக 5.5 முதல் 6 மில்லிமீட்டர் வரையும், ஏழடுக்கின் தடிமன் 6.3 முதல் 6.8 மில்லிமீட்டர் வரையும் இருக்கும். ஒரு மில்லிமீட்டரில் என்ன வந்துவிடப் போகிறது என்று தோன்றலாம். ஒரே மரத்தாலான பலகையின் விறைப்பு அதன் தடிமனின் மும்மடிப் பெருக்கத்துக்கு (தடிமன் × தடிமன் × தடிமன்) ஏற்பக் கூடும் என்பது இயந்திரவியல் பாடம். அதன்படி 5.5 மில்லிமீட்டர் பலகையை 6.5 மில்லிமீட்டர் ஆக்கினால் விறைப்பு ஏறத்தாழ ஒன்றரை மடங்குக்கும் மேலாகிவிடுகிறது. பந்து ரப்பரைத் தொட்டு விலகும் நேரம் ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவே. அந்தச் சிறு பொழுதில் மெல்லிய பிளேடு சற்று வளைந்து மீள்வதால், பந்தைக் கீழிருந்து மேலாக வருடி எடுக்கும் டாப் ஸ்பின் ஆட்டக்காரருக்குப் பந்து கையில் நின்று போவது போன்ற உணர்வு கிடைக்கிறது. விறைத்த பிளேடில் பந்து உடனே தெறித்துவிடும். மேசையை ஒட்டி நின்று தட்டையாக அடிப்பவருக்கும், எதிராளியின் வேகத்தை அப்படியே திருப்பும் பிளாக் ஆட்டக்காரருக்கும், குட்டையான புள்ளிகள் வெளியே தெரியும் ஷார்ட் பிம்பிள் ரப்பர் போட்டு ஆடுபவருக்கும் அந்தத் தெறிப்பே தேவை. ஏழடுக்குப் பிளேடு அவர்களுக்கானது. ஸ்டிகா நிறுவனத்தின் கிளிப்பர் அந்த வகையில் நெடுநாளாக நிலைத்த பெயர்.

ஐந்தடுக்கில் பட்டர்ஃபிளை நிறுவனத்தின் கோர்பெல், பிரிமோராக், யசாகாவின் ஸ்வீடன் எக்ஸ்ட்ரா, ஸ்டிகாவின் ஆஃபென்சிவ் கிளாசிக் ஆகியவை பல ஆண்டுகளாகப் பேசப்படுபவை. 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் ஒற்றையர் பிரிவில் நான்காம் இடம் பெற்ற செக் நாட்டு ஆட்டக்காரர் பீட்டர் கோர்பெலின் பெயரையும், 1993, 1997 ஆகிய இரு ஆண்டுகளில் உலகக் கோப்பையை வென்ற குரோவேஷியாவின் சோரான் பிரிமோராக்கின் பெயரையும் முதலிரண்டும் தாங்கியுள்ளன. இவற்றுள் எதை எடுத்தாலும் உங்களுக்குக் குறை வராது. பெயர்களுக்கிடையே உள்ள வேறுபாட்டைவிட, ஒரே பெயரில் வரும் இரு பிளேடுகளுக்கிடையே உள்ள எடை வேறுபாடு சில வேளைகளில் அதிகம். ஆகவே கடையில் தராசு கேளுங்கள். 84 முதல் 88 கிராம் வரை உள்ளதை எடுங்கள். இருபுறமும் ரப்பர் ஒட்டியபின் மொத்தம் 180 கிராமை ஒட்டி வந்தால் நீண்ட ஆட்டத்திலும் மணிக்கட்டு சோராது.

கார்பன் கெட்டது என்று நான் சொல்லவில்லை. பன்னாட்டு விதியின்படி பிளேடின் தடிமனில் குறைந்தது 85 விழுக்காடு இயற்கை மரமாகவே இருக்க வேண்டும். இழை அடுக்கு ஒவ்வொன்றும் மொத்தத் தடிமனில் 7.5 விழுக்காட்டையோ 0.35 மில்லிமீட்டரையோ, இவற்றுள் எது குறைவோ அதைத் தாண்டக் கூடாது. அத்தனை மெல்லிய இழையே பிளேடின் ஓரத்தில் பட்ட பந்துக்கும் வேகம் கொடுத்துவிடுகிறது. தவறாகப் பட்ட பந்தும் நன்றாகப் போய்விடுவதால், எங்கே பட்டது என்பதைக் கை கற்றுக்கொள்வது தாமதமாகிறது. உங்கள் வயதில் அந்தப் பாடம் முக்கியம். முழு வீச்சோடு அடித்தும், மேசையிலிருந்து இரண்டு மூன்று அடி பின்வாங்கிய நிலையில் பந்து வலையைக் கடக்கத் திணறுகிறது என்ற நிலை வரும்போது கார்பனைப் பற்றி யோசிக்கலாம்.

மீதமாகும் பணத்தை ரப்பரில் போடுங்கள். இருபுறமும் 2.0 மில்லிமீட்டர் ஸ்பாஞ்ச் (ரப்பரின் அடியிலுள்ள நுரை அடுக்கு) உள்ள, மிதமான கடினத்தன்மை கொண்ட ரப்பர் போதும். பிளேடு பல ஆண்டுகள் உழைக்கும், ரப்பர் அப்படியன்று.

கேள்வி: ஒரு நிறுவனத்தின் ‘ஆஃப்’ பிளேடு இன்னொரு நிறுவனத்தின், எல்லா ஆட்டத்துக்கும் பொதுவான ‘ஆல்ரவுண்ட்’ பிளேடைவிட மெதுவாக இருக்கிறது. எப்படி?
– வாசகர், நெல்லிக்குப்பம்

பதில்: அந்த எழுத்துகளுக்குப் பொதுவான அளவுகோல் கிடையாது. ஒவ்வொரு நிறுவனமும் தன் பிளேடுகளைத் தனக்குள் ஒப்பிட்டுத் தானே பெயரிடுகிறது. பெட்டியின் பின்புறம் அச்சிட்டிருக்கும் வேகம், கட்டுப்பாடு என்ற எண்களும் அத்தகையவையே. ஒரே நிறுவனத்தின் இரு பிளேடுகளை ஒப்பிட மட்டும் அவற்றைப் பயன்படுத்துங்கள். தடிமனும் எடையும் மேல் அடுக்கு மரத்தின் பெயரும் அவற்றைவிட நம்பத்தக்க செய்தியைத் தரும்.

கேள்வி: லிம்பா, கோட்டோ, அயூஸ், ஹினோக்கி என்றெல்லாம் எழுதியிருக்கிறார்கள். இவை என்ன மரங்கள்? ஆட்டத்தில் உண்மையிலேயே வேறுபாடு தெரியுமா?
– பொறியாளர், நெய்வேலி

பதில்: தெரியும். ஆனால் எந்த மரம் என்பதோடு, அது எந்த இடத்தில் வைக்கப்பட்டிருக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

பிளேடின் நடு அடுக்கே மிகத் தடித்தது. மொத்தத் தடிமனில் பாதிக்கு மேல் அதுவே. அதற்குப் பெரும்பாலும் பயன்படுவது மேற்கு, நடு ஆப்பிரிக்காவில் வளரும் அயூஸ் மரம். ஒரு கன சென்டிமீட்டருக்கு 0.4 கிராமுக்கும் சற்றுக் குறைவான எடையே கொண்டது. நடுவில் லேசான மரத்தை வைத்தால்தான் தடிமனைக் கூட்டினாலும் பேட் கனக்காது. இன்னும் லேசான பால்சாவை நடுவில் வைத்துத் தடித்த பிளேடுகள் செய்வதும் உண்டு. அவை மென்மையான தட்டலில் வேகமாகவும், ஓங்கி அடிக்கும்போது எதிர்பார்த்த அளவு வேகம் கொடுக்காமலும் இருக்கும் என்பதால் தாக்குதல் ஆட்டக்காரருக்கு நான் பரிந்துரைப்பதில்லை.

பந்தின் உணர்வைத் தீர்மானிப்பது மேல் அடுக்கு. லிம்பா நம் ஆற்றங்கரைகளில் நிற்கும் மருதமரத்துக்கும், கடுக்காய் மரத்துக்கும் நெருங்கிய உறவு. மூன்றும் ஒரே பேரினம். ஆனால் லிம்பா மருதத்தைவிட மென்மையானது, ஆப்பிரிக்காவில் வளர்வது. மேலே லிம்பா இருந்தால் பந்து சற்று ஆழ்ந்து பதிந்து, உயரமான வளைவில் கிளம்பும். லூப் (சுழற்சி மிகுந்த டாப் ஸ்பின்) அடிப்பவர்கள் அதைத்தான் விரும்புகிறார்கள். கோட்டோ அதைவிடக் கெட்டியானது. பந்தைத் தாழ்வாகவும் விரைவாகவும் அனுப்பும். கார்பன் பிளேடுகளின் முகத்தில் கோட்டோ அடிக்கடி காணப்படுவதற்கு அந்தக் கெட்டித்தன்மை ஒரு காரணம். ரோஸ்வுட், கருங்காலி போன்ற கனத்த மரங்களை மெல்லிய சீவலாக முகத்தில் ஒட்டிய ஐந்தடுக்கு, ஏழடுக்குப் பிளேடுகளும் உண்டு. அவற்றின் அடி உறுதியானது, கூர்மையான ஒலி உடையது. எடையும் அதற்கேற்பக் கூடும். வாங்குமுன் அவற்றைக் கட்டாயம் தராசில் வைத்துப் பாருங்கள்.

ஹினோக்கி ஜப்பானில் வளரும் ஊசியிலை மரம். பேனா பிடிப்பது போலப் பிடித்து ஆடும் ஜப்பானிய, கொரிய முறை ஆட்டக்காரர்கள் 9 அல்லது 10 மில்லிமீட்டர் தடிமனுள்ள ஒற்றை ஹினோக்கிப் பலகையில் ஆடிவந்தார்கள். அத்தனை தடித்த பலகையும் கையில் மென்மையாக இருப்பதே அந்த மரத்தின் சிறப்பு. அதன் மணமும் தனி. நம் பக்கம் கைகுலுக்குவது போலப் பிடித்து ஆடும் ஷேக்ஹேண்ட் ஆட்டமே மிகுதி என்பதால், மேல் அடுக்கில் மட்டும் ஹினோக்கி வைத்த பிளேடுகளே உங்களுக்குப் பொருந்தும்.

நீங்கள் பொறியாளர் என்பதால் ஒரு சோதனையைச் சொல்கிறேன். ரப்பர் ஒட்டாத பிளேடின் கைப்பிடியைத் தளர்வாகப் பிடித்துக்கொண்டு முகத்தின் நடுவில் பந்தால் தட்டுங்கள். ஒலியின் சுருதி உயர்ந்திருந்தால் பிளேடு விறைப்பானது, தாழ்ந்திருந்தால் நெகிழ்வானது. ஒரே பெயருள்ள இரு பிளேடுகளை அருகருகே வைத்துத் தட்டினால் வேறுபாடு தெளிவாகக் கேட்கும். இந்தச் சோதனைக்குக் கடைக்காரர்கள் மறுப்புச் சொல்வதில்லை.

கேள்வி: என் மகளுக்குப் பதினோரு வயது. மாவட்ட அளவில் ஆடும் மூத்த மாணவி ஒருவர் வைத்திருக்கும் 92 கிராம் ஏழடுக்குப் பிளேடுதான் வேண்டும் என்று அடம் பிடிக்கிறாள். வாங்கித் தரலாமா?
– வாசகர், லாஸ்பேட்டை, புதுச்சேரி

பதில்: வேண்டாம். அந்தப் பிளேடில் ரப்பர் ஒட்டினால் 185 கிராமைத் தாண்டும். குழந்தையின் மணிக்கட்டுக்கு அது மிகை. கனம் தாங்காமல் தோளிலிருந்து வீசப் பழகிவிட்டால் பிறகு திருத்துவது கடினம். 80 கிராமை ஒட்டிய, ஐந்தடுக்கு, ‘ஆல்ரவுண்ட்’ அல்லது அதற்கு ஒரு படி மேலான பிளேடையும், 1.8 மில்லிமீட்டர் ஸ்பாஞ்ச் ரப்பரையும் வாங்குங்கள். கைப்பிடி மெலிந்ததாக இருக்கட்டும். அடிப்பகுதி அகன்ற கைப்பிடி, வியர்வையில் பேட் நழுவாமல் தடுக்கும். மகளிடம், தாக்கி ஆடுவதற்கு இதுவே ஏற்றது என்று பயிற்சியாளரைக் கொண்டு சொல்லவையுங்கள். அப்பா சொன்னால் எடுபடாத சில செய்திகள் உண்டு.

கேள்வி: ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் என் பிளேடு கனத்து, பந்து வழுக்கிக்கொண்டு போகிறது. கடலோரக் காற்றில் மரம் கெட்டுவிட்டதா? வார்னிஷ் பூசலாமா?
– வாசகர், தேவனாம்பட்டினம், கடலூர்

பதில்: இரண்டு தனித்தனிக் காரணங்களை ஒன்றாக எண்ணியிருக்கிறீர்கள். மரம் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் என்பது உண்மை. அதன் எடையில் நூற்றுக்கு நான்கு பங்கு ஈரம் கூடினால் 85 கிராம் பிளேடு ஏறத்தாழ மூன்று கிராம் கூடும். அடியும் சற்று மந்தமாகும். ஆனால் பந்து வழுக்குவதற்குக் காரணம் ரப்பரின் மேல் படியும் மெல்லிய நீர்ப்படலம். மழைக்காலத்தில் ஜன்னல் திறந்திருக்கும் கூடத்தில் ஆடினால் ரப்பரிலும் பந்திலும் ஈரம் படியும். பிளேடை மாற்றினாலும் அது நிற்காது. பஞ்சுத்துணி ஒன்றை அருகில் வைத்துக்கொண்டு, சர்வ் போடுமுன் ரப்பரையும் பந்தையும் துடையுங்கள். பேட்டை மூடும் உறைக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டைப் போட்டு வையுங்கள். வெயில் காலத்தில் ஸ்கூட்டர் இருக்கையின் அடிப்பெட்டியில் வைக்காதீர்கள். அந்தச் சூட்டில் பசை இளகும், பிளேடு நெளியவும் கூடும்.

வார்னிஷைப் பொறுத்தவரை, ரப்பர் ஒட்டும் முன்பு புதிய பிளேடின் இரு முகங்களிலும் நீரில் கரையும் வார்னிஷை ஒருமுறை துணியால் தேய்த்து எடுப்பது நல்லது. ஈரம் உள்ளேறுவது தாமதமாகும். அதைவிடப் பெரிய பயன், ரப்பரை உரிக்கும்போது மேல் அடுக்கின் நார் பிய்ந்து வராது. லிம்பா முகமுள்ள பிளேடுகளில் இந்தத் தொல்லை மிகுதி. தடிப்பாகப் பூசினால் மரத்தின் மென்மை போய்விடும். பளபளப்புத் தெரியும் அளவுக்குப் பூசியிருந்தால் அது ஏற்கெனவே மிகை.

கேள்வி: சைக்கிள் பஞ்சர் ஒட்டும் சொல்யூஷனால் ரப்பரை ஒட்டினால் பந்து பறக்கும் என்கிறார் நண்பர்.
– வாசகர், திருப்பாதிரிப்புலியூர்

பதில்: நண்பர் பழைய ஆட்டக்காரராக இருக்க வேண்டும். ஐரோப்பிய ஆட்டக்காரர்கள் 1970களில் கண்டுகொண்ட உத்தி அது. ஆவியாகும் கரைப்பான் ஸ்பாஞ்சை உப்பச் செய்து வேகம் தரும். உடல்நலக் கேடு கருதி அத்தகைய பசைகள் 2008இல் தடை செய்யப்பட்டன. நீரில் கரையும் பசையையே பயன்படுத்துங்கள். மழைக்காலத்தில் அது காயக் கூடுதல் நேரம் எடுக்கும்; வெண்மை முற்றிலும் மறைந்து தெளிந்த பிறகே ஒட்டுங்கள்.

கேள்வி: எனக்கு ஐம்பத்தாறு வயது. கல்லூரி நாட்களில், 1980களின் இறுதியில் வாங்கிய ஐந்தடுக்குப் பிளேடை வைத்து மீண்டும் ஆட நினைக்கிறேன். அது இன்றும் செல்லுமா?
– வாசகர், முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: பிளேடு செல்லும், ரப்பர் செல்லாது. பிளேடின் விளிம்பைச் சுற்றி நகத்தால் தட்டிக்கொண்டே வாருங்கள். எங்கேனும் உள்ளீடற்ற ஒலியோ அதிர்வோ கேட்டால் அங்கே அடுக்கு விட்டிருக்கிறது என்று பொருள். ஒலி சீராக இருந்தால், நிழலில் காய்ந்த பழைய மரம் ஆட்டத்துக்கு மிக நன்றாகவே இருக்கும்.

நீங்கள் விட்டுச் சென்ற ஆட்டம்தான் மாறியிருக்கிறது. பந்து 2000இல் 38 மில்லிமீட்டரிலிருந்து 40 ஆனது. 2001இல் 21 புள்ளி ஆட்டம் 11 புள்ளியாகக் குறைந்தது. 2014இல் செல்லுலாய்டுக்குப் பதில் பிளாஸ்டிக் பந்து வந்தது. பெரிய பந்து சுழற்சியையும் வேகத்தையும் குறைத்ததால், அந்தக் கால ‘ஆஃப்’ பிளேடு இன்று உங்களுக்குச் சற்று மெதுவாகத் தோன்றக்கூடும். இன்றைய ரப்பர்கள் அந்த இழப்பைப் பெருமளவு ஈடு செய்துவிடும் என்பதால், உடனே புதுப் பிளேடு தேட வேண்டியதில்லை. ரப்பரில் ஒரு பக்கம் கறுப்பாக இருப்பது கட்டாயம். மறு பக்கம் சிவப்பாகத்தான் இருக்க வேண்டும் என்ற நிலை 2021இல் மாறி, இளஞ்சிவப்பு, ஊதா, பச்சை, நீலம் ஆகியவையும் அனுமதிக்கப்பட்டுள்ளன. பச்சை ரப்பரைக் கண்டால் திகைக்க வேண்டாம்.

கேள்வி: நான் தச்சுத் தொழில் செய்பவன், மாலையில் டேபிள் டென்னிஸ் ஆடுவேன். என் பிளேடை நானே செய்துகொண்டால் போட்டியில் அனுமதிப்பார்களா? ஆறு மில்லிமீட்டர் பிளைவுட்டை வெட்டிக்கொள்ளலாமா?
– வாசகர், பண்ருட்டி

பதில்: பன்னாட்டு விதிப்படி பேட் எந்த அளவிலும், எந்த வடிவிலும், எந்த எடையிலும் இருக்கலாம். பிளேடு தட்டையாகவும் விறைப்பாகவும் இருக்க வேண்டும். முன்பே சொன்னபடி அதன் தடிமனில் குறைந்தது 85 விழுக்காடு இயற்கை மரமாக இருக்க வேண்டும். அங்கீகாரப் பட்டியல் ரப்பருக்குத்தான் உண்டு, பிளேடுக்கு இல்லை. ஆகவே நீங்கள் செய்த பிளேடில் அங்கீகாரம் பெற்ற ரப்பரை ஒட்டி ஆடத் தடை ஏதும் இல்லை.

கடைப் பிளைவுட் வேண்டாம். வழக்கமான 157க்கு 150 மில்லிமீட்டர் முகத்தை 6 மில்லிமீட்டர் தடிமனில் வெட்டினால் ஏறத்தாழ 110 கன சென்டிமீட்டர் மரம். சராசரி அடர்த்தி 0.5 ஆக இருந்தால் முகம் மட்டும் 55 கிராம். கைப்பிடியும் சேர்ந்து எண்பதுகளில் நிற்கும். பசை மிகுந்த கடைப் பிளைவுட்டின் அடர்த்தி 0.65ஐ நெருங்குவதால் முகமே 70 கிராமைத் தாண்டும். முனை கனத்த சுத்தியல் போலாகிவிடும். தேக்கும் இதே காரணத்தால் நடு அடுக்குக்கு ஆகாது.

உங்கள் ஊர்ப் பலா தஞ்சாவூர் வீணைக்குப் போகிறது என்பதால் அதைச் சோதித்துப் பார்க்கும் ஆசை உங்களுக்கு வந்திருக்கும். மெல்லிய சீவலாக எடுத்து முகத்தில் ஒட்டலாம். நடுவில் வைக்க அது கனம். நடு அடுக்குக்கு நன்கு காய்ந்த குமிழ் அல்லது மலைவேம்பு பொருந்தும். மூன்றரை மில்லிமீட்டர் அளவுக்கு இழைத்து, நார் கைப்பிடியின் போக்கில் ஓடுமாறு வையுங்கள். இருபுறமும் ஒரே மரம், ஒரே தடிமன் என்று இணைகளாகவே அடுக்குங்கள். ஒரு பக்கம் மாறினால் முதல் மழைக்காலத்திலேயே பிளேடு வில்லாக வளையும். பசையை இயன்றவரை மெல்லிதாகத் தடவி, சமமான இரு பலகைகளுக்கிடையே ஒரு நாள் முழுவதும் இறுக்கி வையுங்கள். கைப்பிடியை ஒட்டுவதற்கு முன்பே தராசில் நிறுத்துப் பாருங்கள். கனமாக இருந்தால் முகத்தின் சுற்றளவை ஒன்றிரண்டு மில்லிமீட்டர் குறைக்க அப்போதுதான் வசதி.